திரிபுரா 828 மாணவர்கள் செய்தி: வடகிழக்கில் எச்.ஐ.வி. ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: "திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் தங்கை மகளுக்கு அகர்தலா என்.ஐ.டி.யில் இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா? வடகிழக்கில் மட்டும் ஏன் இப்படி? ஒழுக்கம் கெட்டுப்போனதுதான் காரணம் என்கிறார்களே? நம் ஊரில் குறைந்த மாதிரி அங்கே ஏன் குறையவில்லை?"

தாராளமாக அனுப்புங்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, விடுதிக் கழிப்பறையைப் பயன்படுத்தினாலோ, கொசு கடித்தாலோ இந்த வைரஸ் வராது. பாதுகாப்பில்லாத உடலுறவு, பகிர்ந்துகொள்ளும் ஊசி, பரிசோதிக்காத இரத்தம், தாயிடமிருந்து குழந்தை. இந்த நாலு வழிதான், அகர்தலாவிலும் ஆண்டிப்பட்டியிலும்.

அந்த 828 என்ற எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். 2024 ஜூலையில் வந்த செய்தி அது. ஏதோ ஒரே வருடத்தில் 828 பிள்ளைகளுக்குத் தொற்றியது போல நாடு முழுக்கப் பரவியது. உடனே திரிபுரா அரசு விளக்கம் கொடுத்தது: 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை, பதினேழு வருடங்களில் அந்த மாநிலத்து ஏ.ஆர்.டி. மையங்களில், அதாவது எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அரசு மையங்களில், பதிவு செய்துகொண்ட மாணவர்களின் மொத்தக் கணக்கு அது. அவர்களில் 572 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவலும் முதல் செய்தியிலேயே இருந்தது. ஃபார்வர்டில் அது மட்டும் விழுந்துவிட்டது. விளக்கம் வந்துவிட்டது என்பதற்காக அங்கே பிரச்சினையே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். திரிபுராவில் இளைஞர்களிடையே போதை ஊசி பரவுவது உண்மை. நாடு முழுக்கப் புதிய தொற்று 2010க்குப் பிறகு நன்றாகக் குறைந்திருக்கும்போது திரிபுரா, அருணாச்சல், மேகாலயா மாதிரி சில மாநிலங்களில் அது ஏறியிருக்கிறது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின், அதாவது நாக்கோவின், 2021 மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் இந்திய அளவில் 0.21 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மிசோரத்தில் 2.70, நாகாலாந்தில் 1.36, மணிப்பூரில் 1.05. அடுத்து வரும் ஆந்திராவே 0.67தான். மிசோரத்தில் ஏறக்குறைய 37 பெரியவர்களுக்கு ஒருவர் என்று வருகிறது. ஆனால் மிசோரத்தின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 11 லட்சம்தான். தலைக்கணக்கில் பார்த்தால் மகாராஷ்டிரா, ஆந்திரா, கர்நாடகாதான் முன்னால் நிற்கின்றன. இந்தக் குழப்பத்தால் வடகிழக்கு இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது. டெல்லியில் பணம் ஒதுக்கும்போது "எண்ணிக்கை குறைவுதானே" என்பார்கள். ஊரில் பேசும்போது "அங்கே எல்லாருக்கும் இருக்கிறது" என்பார்கள்.

ஒழுக்கம் என்ற காரணம் நிற்கவே நிற்காது. மிசோரத்தின் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். தேவாலயம் தொடாத குடும்பம் அங்கே அபூர்வம். யங் மிசோ அசோசியேஷன் என்ற இளைஞர் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு. சாவு விழுந்தால் குழி வெட்டுவதிலிருந்து அடக்கம் வரை அந்தச் சங்கத்துப் பிள்ளைகள்தான் முன்னால் நிற்பார்கள். படிப்பு, பக்தி, ஊர்க் கட்டுப்பாடு எல்லாம் இருக்கிற இடத்தில்தான் நாட்டிலேயே அதிக விகிதம். அப்படியென்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அந்த இடம் மோரே. மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கும் சின்ன ஊர். நம்மில் சிலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், அங்கே அங்காளபரமேஸ்வரி கோயில் கட்டிக் குடியிருக்கும் தமிழர்களால். 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்களில் சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் அரிசியும் துணியும் வியாபாரம் செய்த அதே எல்லை வழியாக 1980களில் வேறொரு சரக்கு வந்தது. பர்மா, லாவோஸ், தாய்லாந்து சேரும் 'தங்க முக்கோண'த்தில் காய்ச்சிய ஹெராயின். மணிப்பூரில் அதற்கு 'நம்பர் ஃபோர்' என்று பெயர். மும்பையிலும் சென்னையிலும் கிடைத்த பழுப்புச் சரக்கைப் புகைத்தார்கள். இது வெள்ளையாக, சுத்தமாக இருந்தது, தண்ணீரில் கரைந்தது, அதனால் ஊசியில் ஏற்றினார்கள். எல்லைக்குப் பக்கம் என்பதால் விலையும் மலிவு. இம்பாலிலும் சுராசந்த்பூரிலும் கல்லூரிப் பையன்கள், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் அதில் விழுந்தார்கள்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது. போதைக்கு எதிராக ஊரே கொதித்தது, போலீஸ் கெடுபிடி கூடியது. ஊசியோடு பிடிபட்டால் வழக்கு. மருந்துக் கடைக்காரர்கள் இளைஞர்களுக்கு சிரிஞ்சு விற்கவே பயந்தார்கள். சரக்கு கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. பேனாவுக்கு மை நிரப்புவோமே, அந்த ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர், அதன் நுனியில் ஊசியைச் செருகிப் பயன்படுத்தினார்கள். ஒரு டிராப்பர், சுற்றி நாலைந்து பேர். ஊசி நரம்பில் ஏறிவிட்டதா என்று பார்க்கக் குமிழை விட்டுக் கொஞ்சம் இரத்தத்தை உள்ளே இழுப்பார்கள், அப்புறம் அழுத்துவார்கள். அழுத்திய பிறகும் உள்ளே இரத்தம் ஒட்டியிருக்கும். அதை அப்படியே அடுத்தவர் வாங்கிக்கொள்வார். ஊசிக்குள் தங்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி. நாள்கணக்கில் பிழைத்திருக்கும். 1989 செப்டம்பர் வரை மணிப்பூரில் போதை ஊசி போடுகிறவர்களைச் சோதித்தபோது தொற்று தெரியவில்லை. அதன்பின் ஆறே மாதத்தில், சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. உடலுறவு வழியாகப் பரவுவதற்கு வருடக்கணக்கில் ஆகும். இரத்தத்திலிருந்து நேராக இரத்தத்துக்குப் போகும்போதுதான் இந்த வேகம்.

முதலில் கொடுத்த மருத்துவம் சிறை. போதை ஊசி போட்டவர்களைப் பிடித்து அடைத்தார்கள், சில வீடுகளில் பெற்றவர்களே போலீஸைக் கூப்பிட்டுப் பிள்ளையை ஒப்படைத்தார்கள். அங்கிருந்த ஆயுதக் குழுக்கள் அவர்களைக் கால்களில் சுட்டன. விளைவு, ஊசி போடுகிறவர்கள் இன்னும் இருட்டுக்குள் போனார்கள், ஒரே ஊசியை இன்னும் பலர் பகிர்ந்தார்கள்.

இங்கே ஒரு நிமிடம் சென்னைக்கு வாருங்கள், "நம் ஊரில் குறைந்த மாதிரி" என்று கேட்டீர்களே, அதற்காக. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய முதுகலை மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா, பிடித்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். எடுத்ததை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். ஆய்வு மகத்தானது. ஆனால் அதற்குப் பிறகு நம் மாநிலம் என்ன செய்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எச்.ஐ.வி. இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விடுவித்தார்கள். அடைத்துவைத்தால் நோய் நிற்கும் என்று இம்பால் நம்பியது போலவே சென்னையும் நம்பியது.

மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. 1994ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தனிப் பதிவுச் சங்கமாக அமைத்தார்கள். கோப்பு ஒவ்வொரு மேஜையாக நகரும் வரை காத்திருக்காமல் பணம் செலவழிக்க முடிந்தது. பிற்பாடு மற்ற மாநிலங்களும் அந்த முறையையே எடுத்துக்கொண்டன. நம் ஊரில் நோய் பயணப்பட்டது நெடுஞ்சாலையில். நாமக்கல் லாரி, பட்டறை, தாபா, சாலையோரப் பாலியல் தொழில். ஆகவே வேலையும் அங்கேயே நடந்தது. ஆணுறையைப் பாலியல் தொழிலாளிகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திருநங்கைகள் தங்கள் ஜமாத்துகளில் பேசினார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவர் முழுக்க எழுதி, சும்மா போகிறவர்களையும் பேச வைத்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவர் வழியாகத் தொற்றிய பெண், முகத்தை மறைக்காமல் பேசி, 1998ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்றே சங்கம் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் வேறு எங்கும் சேர்க்காதவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1ல் நாட்டில் எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று.

நமக்கு ஏற்கெனவே இருந்த வசதிகளையும் மறக்கக் கூடாது. பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம், போய்வர டவுன் பஸ், மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் வழக்கம், எல்லாருக்கும் புரியும் ஒரே மொழி. கர்ப்பிணிகள் மாதப் பரிசோதனைக்கு வரும்போதே நம்பிக்கை மையம் என்ற அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் இரத்தம் பார்த்துவிடலாம். மருந்து கொடுக்காவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். சரியாக மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். தமிழ்நாட்டில் இந்த வேலை ஒழுங்காக நடந்ததற்கு நம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வடகிழக்கில் இந்த வசதிகள் ஒவ்வொன்றும் தடுமாறுகின்றன. நாகாலாந்தில் ஒவ்வொரு பழங்குடிக்கும் ஒரு மொழி, ஒருவர் மொழி அடுத்தவருக்குப் புரியாது. பொதுவாகப் பேசுவது சந்தையில் வளர்ந்த நாகாமீஸ். அதில் உருளைக்கிழங்குக்கு விலை பேசலாம், படுக்கையறை விஷயத்தையும் பயத்தையும் மனம்விட்டுப் பேசுவது கஷ்டம். சொந்த மொழிக்காரரே ஆலோசகராக இருந்தால் அவர் பெரும்பாலும் சித்தப்பா மகனாகவோ, சர்ச்சில் பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவராகவோ இருப்பார். சின்னச் சமூகத்தில் ரகசியம் காப்பது அவ்வளவு கடினம். மலை ஊர்களில் மருந்து வாங்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

இருந்தும் மணிப்பூர் செய்ததை நாடு இன்னும் போதுமான அளவு பாராட்டவில்லை என்பேன். 1996லேயே தனக்கென எய்ட்ஸ் கொள்கை வகுத்து, போதை ஊசி போடுகிறவரைக் குற்றவாளியாக மட்டும் பார்க்காமல் கெடுதலைக் குறைக்கும் வழிக்குப் போனது. பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கிக்கொள்ளலாம். ஹெராயினுக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை, மருந்தகத்தில் ஆள் பார்க்க. போதையிலிருந்து மீண்டவர்களே களப்பணியாளர்கள். எந்தப் பாலத்துக்கு அடியில் யார் இருப்பார்கள், புதிதாக யார் ஊசிக்கு மாறியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "அரசாங்கமே ஊசி கொடுக்கலாமா?" என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. கொடுக்க வேண்டும். அந்தப் பையன் நாளைக்கு விடுபடலாம், அதற்கு அவன் நாளைக்கு உயிரோடு இருக்க வேண்டும். மணிப்பூரின் விகிதம் முன்பிருந்ததைவிட இறங்கியதில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

மிசோரத்திலும் நாகாலாந்திலும் கதை சற்று மாறியது. அங்கே ஸ்பாஸ்மோபிராக்ஸிவான் என்ற வலிநிவாரணிக் கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். அது முழுசாகக் கரையாது. நரம்பு அடைத்துக்கொண்டு கை கால் புண்ணாகி, சிலருக்கு உறுப்பையே எடுக்க வேண்டி வந்தது. ஊசியில் தொடங்கியது அப்புறம் மனைவிக்கும் காதலிக்கும் போனது. இன்று மிசோரத்தில் பெரும்பகுதித் தொற்று உடலுறவு வழியாகத்தான். போதை ஊசியைப் பார்த்தே இராத பெண்களுக்கும் வந்திருக்கிறது. மணிப்பூரில் முப்பது வயதுக்குள் விதவையாகி, கணவர் விட்டுப்போன நோயோடு பிள்ளைகளை வளர்த்த ஒரு தலைமுறையே இருக்கிறது.

கூடவே ஹெபடைட்டிஸ் சி. ஊசி பகிர்ந்தவர்களில் மிகப் பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எச்.ஐ.வி. மருந்தால் பிழைத்தவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள், ஏனென்றால் ஹெபடைட்டிஸ் மருந்துக்கு அப்போது லட்சக்கணக்கில் செலவாகும். 2018ல் தேசியத் திட்டம் வந்து அந்த மருந்தும் இலவசமானது பெரிய விடிவு.

இப்போது எனக்குக் கவலை தருவது இரண்டு விஷயம். 2021ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கே ஹெராயினுக்கு மூலமான கசகசாச் செடிச் சாகுபடி மறுபடி பெருகிவிட்டது, பல்லாயிரம் அகதிகள் மிசோரத்தில் தங்கியிருக்கிறார்கள். இன்னொன்று, 2023 மே 3ல் தொடங்கிய மணிப்பூர் கலவரம். பெரிய மருத்துவமனைகள் இம்பால் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மலையில் வாழும் குக்கி-ஸோ மக்கள் அங்கே கால் வைக்க முடியாது, பள்ளத்தாக்கில் வாழும் மைதேயிகள் மலைக்குப் போக முடியாது. குக்கி-ஸோ பகுதியான சுராசந்த்பூரின் மாவட்ட மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருப்பதால் அந்த மக்கள் கொஞ்சம் தப்பித்தார்கள். எச்.ஐ.வி. மாத்திரையில் நாள் தவறக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகும். வீடு எரிந்து ஓடுகிறவர் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டா ஓடுவார்?

அந்த டப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையில் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருந்தபோது பார்த்தது. முப்பது மாத்திரை உள்ள வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மாத்திரையை வாங்கியதும் பலர் வாசலைத் தாண்டுவதற்குள் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். பஸ்ஸில் பை குலுங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று உள்ளே பஞ்சு திணிப்பார்கள். மிசோரம், மணிப்பூரிலிருந்து ஹோட்டலிலும் அழகு நிலையத்திலும் வேலை பார்க்க வந்த பிள்ளைகளும் மாற்றல் சீட்டோடு வருவார்கள். தமிழ் தெரியாது, ஹிந்தியும் அரைகுறை. எல்லாரும் ஒரே அறையில் தங்குவதால் மாத்திரையை எங்கே வைப்பது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. சமையலறை மிளகுத்தூள் பாட்டிலில் வைத்துக்கொள்வதாக ஒரு பையன் சொன்னான். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு எழுந்து போய் ஒரு மாத்திரை எடுப்பானாம். அவனுடைய வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இது ஆய்வுகளில் உறுதியான விஷயம், நம் மக்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. டொலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த இந்த ஒரே மாத்திரை அரசு மையங்களில் இலவசம். 2017 முதல், தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி செல்களின் எண்ணிக்கை விழும்வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

உங்கள் தங்கை மகளுக்குச் சொல்ல வேண்டியது எந்த ஊருக்குப் போகும் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதுதான்: யார் கூப்பிட்டாலும் ஊசியைத் தொடாதே, உறவில் ஆணுறை கட்டாயம், பச்சை குத்தினால் புது ஊசியா என்று பார். சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், இதைப் படிப்பவர்களில் ஹோட்டல், அழகு நிலையம், விடுதி நடத்துகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு: அந்த 828 செய்திக்குப் பிறகு வடகிழக்குப் பிள்ளைகளிடம் "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துவிட்டு வா" என்று சில இடங்களில் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. வேலைக்கு நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பது அதன்படி சட்டவிரோதம். தொற்று இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதும், வாடகைக்கு வீடு தர மறுப்பதும், அவருடைய அனுமதி இல்லாமல் நோயை வெளியே சொல்வதும் அப்படியே. கேட்கப்பட்டவர் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம்.